ஊசி போடும் முன் ஒரு கேள்வி

2018 டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகையோடு வந்த ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எச்ஐவி இருந்தது. கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்காக வேறு இடத்தில் பரிசோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். தானே முன்வந்து மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டிருந்தது. அம்மாத இறுதியில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆனால் அவர் வாய் திறந்ததால்தான் அந்தத் தாய்க்கு உடனே சிகிச்சை தொடங்க முடிந்தது. அடுத்த மாதம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்று பின்னர் பரிசோதனையில் தெரிந்தது.

பரிசோதித்த ரத்தம் என்று வந்ததை ஏற்றிய வார்டு செவிலியரால் அந்தத் தவறைக் கண்டுபிடித்திருக்க முடியாது. தவறு ரத்த வங்கியிலேயே நடந்துவிட்டது. மற்ற மருந்துகள் அப்படியல்ல. மருத்துவர் எழுதுவதில், மருந்தகம் கொடுப்பதில் பிசகு இருந்தாலும் அதைப் பிடிக்கும் கடைசி வாய்ப்பு சிஸ்டரின் கையில்தான் இருக்கிறது. சரியான ஆள், சரியான மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லித்தான் செவிலியர் பயிற்சியில் கற்பிக்கிறார்கள். நெரிசலான வார்டில், இரவுப் பணியில், இதற்கான ஒரு நிமிடம்தான் முதலில் பறிபோகிறது.

இன்சுலினை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். வீட்டில் தாங்களே போட்டுக்கொள்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டாசு ஆலைத் தீக்காயத்தில் கணக்கு இன்னும் கடுமை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தைச் சிவகாசி வட்டாரம் மறக்கவில்லை. பெரிய தீக்காயத்தில் முதல் மருந்தே டிரிப்ஸ்தான். பெரியவர்களுக்குப் பரவலாகப் பயன்படும் ஒரு கணக்குப்படி, உடல் எடையை வெந்த பரப்பின் சதவீதத்தால் பெருக்கி, அதை நான்கால் பெருக்க வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் 24 மணி நேரத்தில் 7,200 மில்லி. அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தீப்பிடித்த நொடியிலிருந்து தொடங்குகிறது, மருத்துவமனை வாசலிலிருந்து அல்ல. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆலையிலிருந்து சிவகாசி, அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி என்று கொண்டுபோகும்போது விபத்து நேரத்தை யாரும் சொல்லாவிட்டால் கணக்கே பிசகிவிடும். முதல் மருத்துவமனையில் போட்ட வலி ஊசி எது, எத்தனை மணிக்கு என்று எழுதித் தராவிட்டால், அடுத்த இடத்தில் அதையே மறுபடி போட்டு மூச்சு மந்தமாகும் ஆபத்தும் உண்டு. ஆகவே விபத்து நேரம், போட்ட ஊசி, ஒவ்வாத மருந்து, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே அனுப்புங்கள்.

"சிஸ்டர், இது என்ன ஊசி? எதுக்குப் போடுறீங்க?" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. நல்ல செவிலியர் நின்று பதில் சொல்வார். சந்தேகம் வந்தால் சீட்டை மறுபடி பார்ப்பார். மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் செவிலியரும் நோயாளியும் தெரிவிக்கலாம். தான் செய்த தவறைச் சொன்ன செவிலியரை உடனே தண்டிப்பது மடத்தனம் என்றே கருதுகிறேன். அடுத்தவர் மறைப்பார், நோயாளிக்கு மாற்று மருந்து கொடுக்கும் நேரம் கைநழுவும்.

பாதிப்பு நேர்ந்துவிட்டால்? கட்டணம் வாங்கும் மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இஎஸ்ஐ மருத்துவமனையும் இதில் அடங்கும் என்று 2007-ல் கிஷோர் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொழிலாளியின் சந்தா போகிறதல்லவா! முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை என்றால் உயர் நீதிமன்றத்தை நாடலாம். சாத்தூர்ப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க 2019-ல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெண்களுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தார் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100-ல் கூப்பிடலாம். எழுதிக் கேட்டால் உள்நோயாளியின் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுதான் கெடு. கேஸ் ஷீட் நகலைத் தள்ளிப்போடாமல் உடனே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள்.