அவசர சிகிச்சை அறையிலிருந்து – 7: ‘ஒண்ணுமில்லை’ என்று எழுந்து நடந்தவர்

1998 பிப்ரவரி 20. டாக்கா மைதானத்தில் ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் அணியாமல் நின்ற கிரிக்கெட் வீரர் ரமன் லம்பாவின் தலையில் பந்து பட்டது. எழுந்தார், நடந்தே ஓய்வறைக்குப் போனார். சற்று நேரத்தில் நினைவு தவறியது. அறுவை சிகிச்சை செய்தும் மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே கசியும் ரத்தம் தேங்கத் தேங்க மூளை நசுங்கும். இடம் மிச்சமிருக்கும்வரை அடிபட்டவர் பேசுவார், காபி கேட்பார். அந்த நேரத்தை நம்பித்தான் பலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

சென்னை நங்கநல்லூரைப் போல ஓய்வுபெற்றவர்கள் அதிகம் வாழும் பகுதியில் இந்த ஆபத்து ஜி.எஸ்.டி. சாலையில் மட்டுமல்ல, குளியலறையிலும் இருக்கிறது. வயதானால் மூளை சற்றுச் சுருங்கும். அதன் மேலுள்ள மெல்லிய ரத்தநாளங்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடிக்கே அவை அறுந்துவிடலாம். இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குக் கசிவு எளிதில் நிற்காது. சிலருக்குச் சில வாரங்கள் கழித்துத்தான் நடை தள்ளாடும், பேச்சு குழறும், மறதி கூடும். ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்; துளையிட்டு ரத்தத்தை வடித்தால் பலர் பழையபடி நடமாடுகிறார்கள்.

அவசரப் பிரிவில் முதலில் மூச்சும் ரத்த அழுத்தமும். அடிபட்ட மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் அழுத்தம் இறங்கினாலும் சேதம் பெருகும். கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால் கழுத்தை அசையாமல் வைப்போம். பிறகு, 1974-இல் கிளாஸ்கோவில் டாக்டர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த நினைவுநிலை அளவுகோல்: கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. “பேர் என்னங்க ஐயா? இது எந்த இடம்? ரெண்டு விரலைக் காட்டுங்க.” பதில் இல்லையென்றால் புருவ எலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துவோம், கை அந்த இடத்தைத் தேடி வந்து தட்டிவிடுகிறதா என்று பார்ப்போம். முழு மதிப்பெண் 15. எட்டோ அதற்குக் கீழோ என்றால் பொதுவாக மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டிவரும்.

ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு செய்துவிட முடியாது. ஒன்பது மணிக்கு 15, பத்து மணிக்கு 13 என்றால் உள்ளே ஏதோ நடக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் ஒரு கண்மணி மட்டும் விரிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். டாக்டர் பி.ராமமூர்த்தி 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியபோது சி.டி. ஸ்கேனே கிடையாது. இன்று ஸ்கேன் இருக்கிறது. ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்க்கும் கண்களின் வேலை குறையவில்லை.

விழுந்தவருக்குச் சோடாவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். எப்போது விழுந்தார், நினைவு தவறியதா, வாந்தி வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அட்டையையே கொண்டுவருவது நல்லது. சாலை விபத்தென்றால் பணத்துக்காகத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்.

டாக்டர் வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் நாள் இரவு கூடவே ஒருவர் இருங்கள். தலைவலி கூடினாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே திரும்பி வாருங்கள்.

(அடுத்த வாரம்: முதுகெலும்பில் அடிபட்டவரை எப்படித் தூக்குவது?)