மருத்துவ உரிம வாரியத்தின் திறந்த கூட்டங்கள்

அரிசி வாங்குபவர் அதைக் கையில் அள்ளிப் பார்க்கிறார். துணி வாங்குபவர் விரலால் தடவிப் பார்க்கிறார். மருத்துவரிடம் செல்லும் நோயாளிக்கு அவ்வாறு சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லை. தமக்கு வந்துள்ள நோய் இன்னது என்பதையும், அதற்கு வேண்டிய சிகிச்சை இன்னது என்பதையும் விற்பவரே சொல்ல, வாங்குபவர் நம்பி ஏற்றுக்கொள்ளும் சந்தை இது. மருத்துவச் சந்தையின் இத்தனித்தன்மையை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். நோயாளியின் அறியாமையை ஈடுசெய்ய எழுந்த ஏற்பாடுகளுள் ஒன்றே மருத்துவத் தொழிலுக்கு உரிமம் வழங்கும் முறை.

ஆயினும் இம்முறைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. உரிமம் என்பது தொழிலில் நுழைவோரைத் தடுக்கும் வேலியாகவும் அமையக்கூடும். அவ்வேலியை எழுப்பும் அதிகாரம் அத்தொழிலினரிடமே இருக்குமாயின், அது பொதுமக்களைக் காப்பதை விடுத்துத் தொழிலினரின் வருவாயைக் காக்கும் கருவியாகிவிடும் என்று மில்டன் ஃபிரீட்மன் 1962இல் வாதிட்டார். இவ்விரு கருத்துகளையும் ஒருசேர நோக்கும்போது எழும் வினா ஒன்றே: நோயாளிக்காக மருத்துவரைக் கண்காணிக்கும் வாரியத்தை யார் கண்காணிப்பது? இவ்வினாவிற்குச் சில நாடுகள் கண்டுள்ள விடைகளுள் ஒன்று, வாரியம் தன் அலுவல்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்னும் சட்டக் கட்டாயமாகும். இதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் தக்க சான்றாக விளங்குகிறது.

வாரியத்தின் அமைப்பு

அமெரிக்காவில் மருத்துவருக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உரியது. இவ்வதிகாரம் செல்லும் என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 1889ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. கலிபோர்னியாவில் மருத்துவத் தொழிலை முறைப்படுத்தும் முதற் சட்டம் 1876இல் இயற்றப்பட்டது. இன்றைய கலிபோர்னியா மருத்துவ வாரியத்தில் 15 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்களுள் எண்மர் மருத்துவர்கள். எழுவர் மருத்துவர் அல்லாத பொதுமக்கள் பிரதிநிதிகள். பதின்மூவரை மாநில ஆளுநர் நியமிக்கிறார். எஞ்சிய இரு பொது உறுப்பினர்களைச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் அவைக்கு ஒருவராக நியமிக்கின்றன. அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் நிருவாகத் தலைவர் என்பதை இங்கு நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

வாரியத்தின் தலையாய கடமை பொதுமக்களைப் பாதுகாப்பதே என்றும், வேறெந்த நலனோடும் அக்கடமை முரண்படுமாயின் பொதுமக்கள் பாதுகாப்பே மேலோங்க வேண்டும் என்றும் சட்டம் தெளிவாகக் கூறுகிறது.

கூட்டத்திற்கு முன்

மாநில அரசின் வாரியங்களும் ஆணையங்களும் கூட்டம் நடத்த வேண்டிய முறையை 1967ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பேக்லி-கீன் திறந்த கூட்டச் சட்டம் வகுத்துள்ளது. அதன் அடிப்படைக் கொள்கை எளியது: மக்களுக்கு ஊழியம் செய்ய அமைக்கப்பட்ட நிறுவனம், எதை மக்கள் அறியலாம், எதை அறியலாகாது என்று தானே தீர்மானித்துக் கொள்ள இயலாது.

வழக்கமான கூட்டம் ஒன்று நடைபெறுவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் அறிவிப்பும் நிகழ்ச்சி நிரலும் வெளியிடப்பட வேண்டும். நிரலின் ஒவ்வொரு பொருளும் பொதுமக்கள் படித்தால் விளங்குமாறு சுருக்கமாக விவரிக்கப்பட வேண்டும். பொதுவாக இருபது சொற்களுக்கு மேல் தேவையில்லை என்று சட்டமே அளவு கூறுகிறது. நிரலில் இல்லாத பொருள்மீது வாரியம் முடிவெடுத்தல் கூடாது. நெருக்கடி நிலைக்கு மட்டும் குறுகிய விதிவிலக்குகள் உண்டு. ‘இதர பொருள்கள்’ என்னும் தலைப்பின்கீழ் முக்கிய முடிவுகளை நிறைவேற்றிக் கொள்ளும் வழக்கத்திற்கு இங்கு இடமில்லை.

கூட்டம் என்பதற்குச் சட்டம் தரும் பொருளும் விரிவானது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் வாரியத்தின் அலுவலைப் பற்றி எங்குக் கூடிப் பேசினாலும் அது கூட்டமே. ஓர் உறுப்பினர் இரண்டாமவரோடும், அவர் மூன்றாமவரோடும் எனத் தொலைபேசியிலோ கடிதத்திலோ தொடர்ச்சியாகப் பேசிப் பெரும்பான்மைக் கருத்தை முன்னதாகவே உருவாக்கிக் கொள்ளுதலும் தடை செய்யப்பட்டுள்ளது. முடிவு மட்டுமன்றி முடிவுக்கு இட்டுச் செல்லும் விவாதமும் மக்கள் கண்முன் நிகழ வேண்டும் என்பதே இத்தடையின் நோக்கம்.

கூட்டம் நடைபெறும் முறை

வாரியம் ஆண்டில் ஏறத்தாழ நான்கு முறை கூடுகிறது. தலைவர் கூட்டத்தைத் தொடங்கியதும் உறுப்பினர்களின் பெயர்கள் அழைக்கப்பட்டுக் குறைவெண் உறுதி செய்யப்படுகிறது. பின்னர், நிரலில் இல்லாத பொருள்களைப் பற்றிப் பேச விரும்பும் பொதுமக்களுக்கு வாய்ப்பளிக்கப்படுகிறது. முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகள் ஏற்கப்படுதல், நிருவாக இயக்குநரின் அறிக்கை, சட்டமன்றத்தின் முன்னுள்ள மசோதாக்கள், விதிமுறைத் திருத்தங்கள், புகார் விசாரணைப் பிரிவின் பணி நிலவரம் என நிரல் தொடர்கிறது.

ஒவ்வொரு பொருளிலும் உறுப்பினர்கள் விவாதித்த பின், முடிவெடுப்பதற்கு முன்னதாகவோ விவாதத்தின்போதோ பொதுமக்களுக்குப் பேச இடமளிக்க வேண்டும். பேசுவோருக்கு நியாயமான கால வரையறை விதிக்கலாம். நடைமுறையில் அது சில நிமிடங்களே. மொழிபெயர்ப்பாளரின் துணையோடு பேசுபவருக்கு இருமடங்கு நேரம் தரப்பட வேண்டும். கூட்டத்திற்கு வருபவர் தம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்துதல் கூடாது. வாரியத்தின் கொள்கைகளையோ செயல்களையோ குறைகூறிப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரைத் தடுத்தலும் கூடாது. கூட்டத்திற்கு இடையூறு விளையாதவரை எவரும் ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்யலாம். உடல் ஊனமுற்றோர் வர இயலாத இடத்திலோ, பணம் செலுத்தி நுழைய வேண்டிய இடத்திலோ கூட்டம் நடத்தலாகாது. உறுப்பினர்களுக்கு அளிக்கப்படும் ஆவணங்கள், சட்டப்படி மறைக்கத்தக்கவை நீங்கலாக, பொதுமக்களுக்கும் உரியவை. வாக்கெடுப்பில் எந்த உறுப்பினர் எவ்வாறு வாக்களித்தார் என்பது வெளிப்படையாக அறிவிக்கப்படுகிறது. கூட்டங்கள் இணையத்தின் வழியாகவும் ஒளிபரப்பாகின்றன.

இவ்விதிகள் வெறும் அறிவுரைகள் அல்ல. விதியை மீறி எடுக்கப்பட்ட முடிவைச் செல்லாததாக்குமாறு 90 நாட்களுக்குள் நீதிமன்றத்தை அணுகலாம். பொதுமக்களுக்கு உரிய தகவலை மறைக்கும் நோக்கத்தோடு சட்டத்திற்குப் புறம்பான கூட்டத்தில் கலந்து கொள்ளும் உறுப்பினர் குற்றவாளியாகவும் கருதப்படுவார்.

கதவு மூடப்படும் தருணங்கள்

எல்லாவற்றையும் வெளிப்படையாக நடத்த இயலாது என்பதையும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. உரிமத் தேர்வுக்கான வினாக்களைத் தயாரித்தல், நிலுவையிலுள்ள வழக்குகளில் வழக்கறிஞரின் ஆலோசனை பெறுதல், சில பணியாளர் விவகாரங்கள், ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் தீர்ப்பினை ஆலோசித்தல் ஆகியவற்றுக்கு மூடிய அமர்வு அனுமதிக்கப்படுகிறது. அவ்வாறு அமருமுன், எப்பொருளுக்காக, எச்சட்டப் பிரிவின்கீழ் அமர்கிறோம் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

இவற்றுள் ஒழுங்கு நடவடிக்கையே மிகவும் நுட்பமானது. மருத்துவர் ஒருவர்மீது முறைப்படி குற்றச்சாட்டு தாக்கலானால், நிருவாகச் சட்ட நீதிபதி ஒருவர் சாட்சியங்களை விசாரித்து உத்தேசத் தீர்ப்பு ஒன்றை எழுதுகிறார். வாரிய உறுப்பினர்கள் அடங்கிய குழு அதை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். ஏற்காதபோது இரு தரப்பின் வாய்மொழி வாதம் திறந்த கூட்டத்தில் கேட்கப்படுகிறது. அதன்மீதான ஆலோசனை மட்டுமே மூடிய அமர்வில் நிகழ்கிறது. இக்குழுவில் பொது உறுப்பினர்களின் எண்ணிக்கை மருத்துவ உறுப்பினர்களின் எண்ணிக்கையை விஞ்சக் கூடாது என்பது விதி.

இங்கேதான் முறையின் வலியும் வெளிப்படுகிறது. சிகிச்சையில் உயிரிழந்த ஒருவரின் தாயோ கணவரோ கூட்டத்திற்கு வந்து, தம் புகார் ஏன் முடித்து வைக்கப்பட்டது என்று கேட்கின்றனர். சில நிமிடங்கள் அவர்கள் பேசுகின்றனர். உறுப்பினர்கள் மௌனமாகக் கேட்கின்றனர். அம்மௌனம் இரக்கமின்மையாகத் தோன்றக்கூடும். ஆனால் அதற்கு இரு காரணங்கள் உள்ளன. நிரலில் இல்லாத பொருளைக் குறித்து விவாதிக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. அதனை எதிர்காலக் கூட்டத்தின் நிரலில் சேர்க்கலாமா என்று மட்டுமே முடிவு செய்யலாம். மேலும், அதே வழக்கு நாளை அவர்கள் முன்னிலையில் தீர்ப்புக்கு வரக்கூடும். அன்று நடுவராக அமர வேண்டியவர் இன்று கருத்துக் கூறுவது முறையாகாது. நோயாளியின் குரலுக்கு மேடை அமைத்துத் தந்த சட்டமே, அக்குரலுக்கு உடனடி மறுமொழி கிடைக்காமலும் செய்கிறது.

பயன் விளைந்துள்ளதா?

கூட்டத்தில் பேசுவதால் ஒரு தனி வழக்கின் முடிவு மாறுவதில்லை. ஆயினும் பலர் மீண்டும் மீண்டும் ஒரே குறையை எடுத்துரைக்கும்போது அது பொதுக் கொள்கைப் பிரச்சினையாக உருப்பெறுகிறது. நோயாளிகளிடம் பாலியல் முறைகேடு, தீங்கு விளைத்த மருந்துப் பரிந்துரை போன்ற குற்றங்களுக்காக நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்ட மருத்துவர், அதனைச் சிகிச்சைக்கு முன் நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2018இல் சட்டம் இயற்றப்பட்டது. 2019 ஜூலை 1 முதல் வெளியாகும் கண்காணிப்பு உத்தரவுகளுக்கு அது பொருந்துகிறது. சிகிச்சையின் தரம் பற்றிய புகாரை முடித்து வைக்குமுன் புகார் அளித்தவரை விசாரிக்கவும், புகார்தாரர்களுக்கென்று தனித் தொடர்புப் பிரிவு ஏற்படுத்தவும் 2023ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தாரும் இடைவிடாது எழுப்பிய குரலுக்கு இம்மாற்றங்களில் பங்கு உண்டு. அதே வேளையில், பொது உறுப்பினர்களைப் பெரும்பான்மையாக்கும் யோசனை சட்டமன்றத்தில் எழுந்தும் நிறைவேறவில்லை. திறந்த கூட்டம் அதிகாரத்தைப் பார்க்க வைக்கிறது. அதிகாரத்தை இடம் மாற்றுவதில்லை.

இதற்குச் செலவும் உண்டு. பத்து நாள் அறிவிப்பு விரைவைக் குறைக்கிறது; உறுப்பினர்கள் தமக்குள் தடையின்றிக் கலந்து பேச முடிவதில்லை; அதனால் அலுவலர்கள் தயாரித்தளிக்கும் குறிப்புகளின் செல்வாக்கு மிகுந்துவிடுகிறது என்னும் குறையும் கூறப்படுவதுண்டு. இச்செலவு, நம்பிக்கையைப் பெறுவதற்குக் கொடுக்கும் விலை எனக் கொள்ளலாம்.

நமது நாட்டு நிலை

நமது அரசியலமைப்பில் மருத்துவத் தொழில் பொதுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. 1956ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழகச் சட்டத்திற்கு மாற்றாக 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆணையம் 2020 செப்டம்பர் 25 முதல் செயல்படத் தொடங்கியது. மருத்துவர்மீதான புகார்களை முதற்கண் விசாரிப்பவை மாநில மருத்துவக் கழகங்களே. ஆணையம் காலாண்டுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும் என்றும், உறுப்பினர்கள் தம் சொத்து விவரங்களை அளிக்க வேண்டும், அவை இணையத்தளத்தில் வெளியிடப்பட வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. கூட்டங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் நடத்த வேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை.

மேல்முறையீட்டிலும் கவனிக்கத்தக்க வேறுபாடு ஒன்று உண்டு. பழைய ஒழுக்க நெறி விதிமுறைகளில் 2004ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட பிரிவு, மாநிலக் கழகத்தின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவோ மருத்துவரின் மேல்முறையீட்டை மட்டுமே குறிப்பிடுகிறது; நோயாளியைப் பற்றிப் பேசவில்லை.

எனினும் வாயில் முற்றிலும் அடைபட்டதன்று. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் வாரியங்கள், குழுக்கள் ஆகியவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. ‘திறந்தவை அல்ல’ என்று விடையளித்தாலும் சட்டம் நிறைவேறியதாகிவிடும் என்பது உண்மையே. ஆயினும் வினாவைச் சட்டமே எழுப்பியுள்ளது.

திறந்த விவாதம் நமக்குப் புதியதுமன்று. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கொள்கை வினாக்களில் திறந்த அரங்குக் கலந்துரையாடல்களை நடத்துகிறது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள் கட்டண நிர்ணயத்திற்கு முன் மக்களின் ஆட்சேபணைகளைக் கேட்கின்றன. மின் கட்டணத்தில் சில காசுகளைப் பற்றிப் பேச நுகர்வோருக்கு உள்ள வாய்ப்பு, உயிர்காக்கும் தொழிலின் ஒழுங்கைப் பற்றிப் பேச நோயாளிக்கு இல்லாதிருப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

கலிபோர்னியாவின் முறையை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது, தேவையுமில்லை. கொள்கை, விதிமுறை, புகார்களின் நிலவரம் ஆகியவற்றைப் பற்றிய கூட்டங்களை முன்னறிவித்தல், நிகழ்ச்சி நிரலை மாநில மொழியில் வெளியிடுதல், நடவடிக்கைக் குறிப்புகளைக் குறித்த காலத்திற்குள் பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்தல், தனி மருத்துவரின் வழக்கைப் பற்றியல்லாமல் பொதுக் குறைகளைப் பற்றி நோயாளிகள் பேச ஆண்டிற்குச் சில முறையேனும் வாய்ப்பளித்தல் ஆகிய இந்நான்கினையும் தொடக்கமாகக் கொள்ளலாம். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. நேர்மையாகப் பணிபுரியும் மருத்துவருக்கும் இதனால் இழப்பில்லை. தம் தொழிலின் ஒழுங்கு எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை மக்கள் நேரில் காண்பது அவர்மீதுள்ள நம்பிக்கையை வலுப்படுத்தவே செய்யும்.