கூரை ஒழுக்கும் ஈயத் தகடும்: திருத்த வேலைக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை



மழைக்காலம் வந்தால் எமது நிகழ்ச்சிக்கு வரும் கேள்விகளில் பல கூரை ஒழுக்குப் பற்றியவை. பிரித்தானியாவில் கூரைத் தச்சு வேலையில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் இம்மாத உரையை அதற்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் ஆட்கள் பலர் இங்கு வாங்கியிருப்பது நூறு வருடம் கடந்த வரிசை வீடுகள். சீட்டுக் கட்டி, இரண்டு வேலை செய்து வாங்கிய வீடு. அதன் கூரை வேலையைச் செய்பவர் மேலே ஏறி என்ன செய்தார் என்பது கீழே நிற்கும் எமக்குத் தெரியாது. ஆகவே வேலை தொடங்குமுன் எழுத்தில் வாங்கும் அளவுகள்தான் எமக்குப் பாதுகாப்பு. அந்த அளவுகள் எவை, அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று விளங்கிக்கொண்டால் எவரோடும் தைரியமாகக் கதைக்கலாம்.

ஒழுக்கு எங்கே தொடங்குகிறது?

ஒழுக்கு என்றதும் உடைந்த ஓட்டைத்தான் முதலில் தேடுகிறோம். ஆனால் நான் பார்த்த ஒழுக்குகளில் பல, ஓடு வேறொன்றைச் சந்திக்கும் இடத்தில் தொடங்கியவை. சிமினியைச் சுற்றிய இடம், பின்பக்க எக்ஸ்ரென்சனின் கூரை பழைய சுவரில் முட்டும் இடம், இரண்டு கூரைச் சாய்வுகள் சேரும் பள்ளம் ஆகியவை அவை. இந்த இடங்களை மூடுவது ஈயத் தகடு. சுவரோடு சேர்த்து மடித்து அடிக்கும் அந்தத் தகட்டைப் பிளாஷிங் என்பார்கள்.

ஈயம் மென்மையானது. ஓட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அடித்துப் படிய வைக்கலாம். இரும்பைப்போலக் கறல் பிடித்து ஓட்டை விழாது. முறையாகப் போட்டால் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கும்.

தகட்டின் தடிப்பு

ஈயத் தகட்டை இங்கு 'கோட்' என்ற இலக்கத்தால் அழைப்பார்கள். ஒரு சதுர அடித் தகடு ஏறக்குறைய எத்தனை இறாத்தல் நிறை என்பதிலிருந்து வந்த இலக்கம் அது. சுருளில் நிறக் குறியும் இருக்கும்:

கோட் 3 – பச்சை – 1.32 மில்லிமீற்றர்
கோட் 4 – நீலம் – 1.80 மில்லிமீற்றர்
கோட் 5 – சிவப்பு – 2.24 மில்லிமீற்றர்
கோட் 6 – கறுப்பு – 2.65 மில்லிமீற்றர்
கோட் 7 – வெள்ளை – 3.15 மில்லிமீற்றர்
கோட் 8 – செம்மஞ்சள் – 3.55 மில்லிமீற்றர்

வீட்டுச் சிமினிக்கும் சுவர்ப் பிளாஷிங்குக்கும் வழமையாகக் கோட் 4. கூரைப் பள்ளத்துக்குக் கோட் 4 அல்லது 5. தட்டையான ஈயக் கூரைகளுக்கு அதைவிடத் தடித்தது. ஒரு சதுர மீற்றர் கோட் 4 தகடு 20 கிலோவுக்குச் சற்று மேல், கோட் 5 தகடு 25 கிலோவுக்குச் சற்று மேல் நிறையுள்ளது. நிறை கூடக் கூட விலையும் கூடும். விலைக்கூற்றில் 'ஈயம் போடப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்தக் கோட் என்று கேளுங்கள்.

ஏன் நீளமாகப் போடக் கூடாது?

தடிப்புச் சரியாக இருந்தாலும் நீளம் பிழைத்தால் தகடு வெடிக்கும். ஈயம் வெயிலில் நன்றாக நீளும், குளிரில் சுருங்கும். மாரி இரவுக்கும் கோடை மதியத்துக்கும் இடையில் தகட்டின் வெப்பம் 60 பாகை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.5 மீற்றர்த் துண்டு ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் அசையும். அதுவே 4 மீற்றர்த் துண்டானால் 7 மில்லிமீற்றர். அசைய இடமில்லாத தகடு ஒவ்வொரு வருடமும் மடிந்து நிமிர்ந்து, கடைசியில் கம்பியை வளைத்து வளைத்து முறிப்பதுபோல வெடித்துவிடும்.

இதனால்தான் கோட் 4, அதற்கு மேற்பட்ட பிளாஷிங் துண்டுகள் 1.5 மீற்றருக்கு மேல் நீளக் கூடாது என்றும், கோட் 3 ஆனால் 1 மீற்றருக்கு மேல் கூடாது என்றும் இங்கு நல்ல வேலைக்கு அளவு வைத்திருக்கிறார்கள். ஈயச் சுருள்கள் 3 மீற்றர், 6 மீற்றர் நீளங்களில் விற்பனைக்கு வரும். வெட்டி மேல்படிய வைப்பது நேரம் பிடிக்கும் வேலை. அவசரக்காரர் சுருளை அப்படியே விரித்துவிட்டுப் போவது இதனால்தான்.

லண்டனில் நான் பார்த்த ஒரு வீட்டின் எக்ஸ்ரென்சன் கூரையில் மெல்லிய தகட்டை ஒரே துண்டாக ஏறக்குறைய நான்கு மீற்றருக்கு இழுத்திருந்தார்கள். சில வருடத்தில் நடுவே வெடித்தது. வந்தவர்கள் இரண்டு முறை சிலிக்கோன் பூசிக் காசு வாங்கிப் போனார்கள். தண்ணீர் சுவர் வழியே இறங்கி, கைமரங்கள் இருக்கும் வளையை உக்கச் செய்துவிட்டது. கீழே இருந்தது அந்த வீட்டு அம்மம்மாவின் அறை. ஈயத்தில் மிச்சம் பிடித்த சில பவுண்களுக்காகக் கூரையின் ஒரு பக்கத்தைக் கழற்ற வேண்டி வந்தது.

பொருத்தும் முறை

சுவரில் செங்கல் இடையை 25 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டி, தகட்டின் விளிம்பை உள்ளே மடித்துச் செருக வேண்டும். 450 மில்லிமீற்றருக்கு மேற்படாத இடைவெளியில் ஈய ஆப்பு வைத்து இறுக்கி, பிறகு சாந்தாலோ ஈயத்துக்கென்று உள்ள சீலண்டாலோ மூட வேண்டும். செங்கல்லின் மேல் தகட்டை ஒட்டிவிட்டுப் போவது வேலையே அல்ல.

பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் குறைந்தது 100 மில்லிமீற்றர் மேல்படிய வேண்டும். ஓட்டின் மேல் 150 மில்லிமீற்றராவது இறங்க வேண்டும். கூரைப் பள்ளத்தில் துண்டுகள் மேல்படியும் அளவு சாய்வைப் பொறுத்தது. நேர் உயரத்தில் 75 மில்லிமீற்றர் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. 30 பாகைச் சாய்வில் 150 மில்லிமீற்றர் போதும். 20 பாகையில் 220 வேண்டும். சாய்வு குறைந்தால் தண்ணீர் பின்னேறும், அதனால்தான் இந்த வேறுபாடு.

ஆணி செம்பு அல்லது துருப்பிடிக்காத உருக்கு. மேல் விளிம்பில் மட்டுமே அடிக்க வேண்டும், கீழ்ப்பக்கம் அசைய விட வேண்டும். முடிந்ததும் அன்றே பற்றினேசன் எண்ணெய் பூச வேண்டும். பூசாவிட்டால் முதல் மழையிலேயே புது ஈயத்திலிருந்து வெள்ளைக் கறை ஓட்டிலும் செங்கல்லிலும் வழியும்.

மரத்தின் பக்கம்

ஊரில் பனங்கைமரம், பனஞ்சலாகை போட்ட கூரைக்கு நாம் பயந்தது கறையானுக்கு. இங்கு மரத்தின் முதல் எதிரி ஈரம். மரத்தில் ஈரப்பதன் 20 வீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடித்து உக்கத் தொடங்கும். அதில் 'ட்ரை ரொட்' என்ற வகை பொல்லாதது. சுவருக்குள்ளாலும் ஊர்ந்து அடுத்த மரத்துக்குப் போகும். ஆகவே ஒழுக்கை அடைத்தவுடன் வேலை முடியாது. லொஃப்டில் ஏறி, ஈரமானியை மரத்தில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கைமரத்தின் நுனி உக்கியிருந்தால் முழு மரத்தையும் மாற்றத் தேவையில்லை. நல்ல மரம் வரும்வரை வெட்டிவிட்டு, பக்கத்தில் புதிய மரம் சேர்த்துப் போல்ட் போட்டு இறுக்கலாம். புதிய மரம் சி16 அல்லது சி24 என்று பலம் குறித்த முத்திரையுடன், பாதுகாப்பு மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். இடத்தில் வைத்து வெட்டினால் வெட்டிய முனைக்கு மறுபடியும் மருந்து பூச வேண்டும். அந்த முனையில்தான் ஈரம் முதலில் ஏறும்.

ஓட்டைத் தாங்கும் சலாகைக்கும் அளவு உண்டு. கைமரங்கள் 450 மில்லிமீற்றர் வரை இடைவெளியில் இருந்தால் 38க்கு 25, 600 வரை என்றால் 50க்கு 25 மில்லிமீற்றர். ஒவ்வொரு சலாகையிலும் பிஎஸ் 5534 என்ற முத்திரை இருக்க வேண்டும். அதே நியமத்தின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி முகட்டு ஓட்டைச் சாந்தில் மட்டும் பதித்தால் போதாது, திருகாணியால் பூட்டவும் வேண்டும்.

பழைய ஸ்லேற்றைக் கழற்றிக் கொங்கிறீற் ஓடு போடலாம் என்று சிலர் மலிவாகச் சொல்வார்கள். கொங்கிறீற் ஓடு பாரம் கூடியது. கூரையின் பாரம் 15 வீதத்துக்கு மேல் கூடினால், பழைய மரம் அதைத் தாங்குமா என்று கணக்குப் பார்த்துக் கட்டட விதிகளின்படி அனுமதி பெற வேண்டும். முதுகு வளைந்த கூரைகளைத் தெருவில் பார்த்திருப்பீர்கள். இப்படி மாற்றியதும் அதற்கு ஒரு காரணம்.

கடைசியாகக் காற்று. லொஃப்டில் கம்பளிபோலத் திணிக்கும் வெப்பக் காப்பு கூரையின் கீழ் விளிம்பை அடைத்தால், வீட்டு ஆவி மரத்தில் பனித்து நிற்கும். சமையல் அதிகமுள்ள எங்கள் வீடுகளில் இது முக்கியம். ஒழுக்கே இல்லாமல் மரம் ஈரமாவது இப்படித்தான்.

கோயில்களும் மண்டபங்களும்

எங்கள் கோயில்களும் தமிழ்ப் பாடசாலைகளும் பழைய தேவாலயக் கட்டடங்களில் இயங்கும் இடங்கள் உண்டு. நிர்வாக சபையினர் நான்கு விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தட்டையான ஈயக் கூரையைச் சிறு பாத்திகளாகப் பிரித்தே போட வேண்டும். கோட் 7 தகட்டில் ஒரு பாத்தி 675 மில்லிமீற்றர் அகலம், 2.5 மீற்றர் நீளத்தைத் தாண்டக் கூடாது. பலகைக்குக் கீழே 50 மில்லிமீற்றர் காற்றோட்டம் வேண்டும். அன்னதானச் சமையலின் ஆவியும் கூட்டத்தின் மூச்சும் மேலே போய்த் தங்கினால் ஈயம் அடிப்பக்கத்திலிருந்து அரிக்கும். புது ஓக் மரத்தின் அமிலமும் ஈயத்தை அரிக்கும், இடையில் தாள் விரிக்க வேண்டும்.

இரண்டாவது, தீ. கூரையில் சுடரால் ஒட்டு வேலை செய்யும்போது பழைய மரம் உள்ளுக்குள் கனன்று, ஆட்கள் போன பின் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. முடிந்தவரை சுடரில்லாத முறை கேளுங்கள். தவிர்க்க முடியாவிட்டால், வேலை முடிந்த பின் ஒரு மணி நேரமாவது ஒருவர் நின்று பார்க்க வேண்டும். காப்புறுதிக்காரருக்கு முன்கூட்டியே அறிவியுங்கள்.

மூன்றாவது, திருட்டு. ஈயத்துக்கு விலை உண்டு. இங்கிலாந்திலும் வேல்சிலும் பழைய உலோகத்தைக் காசுக்கு வாங்குவது 2012 டிசம்பரில் தடை செய்யப்பட்டது, ஆனாலும் திருட்டு நிற்கவில்லை. கழற்றிய பழைய ஈயம் யாருக்குரியது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

நான்காவது, கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்தால், ஈயத்துக்குப் பதில் வேறு பொருள் போடுமுன் கவுன்சிலின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி மாற்றுவது குற்றம்.

சட்டம் தொட்டுச் சில

கூரையின் பாதிக்கு மேல் புதிதாக வேய்ந்தால் கட்டட விதிகள் பொருந்தும், வெப்பக் காப்பையும் உயர்த்த வேண்டி வரலாம். எக்ஸ்ரென்சனின் பிளாஷிங்குக்காகப் பக்கத்து வீட்டுச் சுவரை வெட்டுவதானால், 1996ஆம் ஆண்டுப் பொதுச் சுவர்ச் சட்டப்படி இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். லொஃப்டில் வௌவால் தங்கினால் நிபுணரைக் கேட்காமல் தொட வேண்டாம், அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

கதவைத் தட்டி "உங்கள் கூரையில் ஓடு கழன்றிருக்கிறது, இப்போதே செய்கிறேன்" என்பவரிடம், முக்கியமாக வீட்டில் தனியே இருக்கும் பெரியவர்கள், உடனே சம்மதிக்க வேண்டாம். வீட்டில் வைத்துச் செய்யும் இத்தகைய ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள் இரத்துச் செய்யலாம். ஆனால் அவசரத் திருத்தத்துக்கென்று நீங்களே அழைத்திருந்தால் இந்த உரிமை பொருந்தாமல் போகலாம். இடையிலேயே வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டால் செய்த அளவுக்குக் காசு கொடுக்க நேரிடும்.

கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை

1. ஈயம் எந்தக் கோட்? பிஎஸ் ஈஎன் 12588 நியமத்துக்கு உட்பட்டதா?
2. ஒரு துண்டின் ஆகக் கூடிய நீளம் என்ன?
3. சுவரில் எவ்வளவு ஆழம் செருகப்படும்? ஆப்பு எத்தனைக்கு ஒன்று?
4. பற்றினேசன் எண்ணெய் விலைக்குள் அடங்குமா?
5. மரத்தின் பல முத்திரை, மருந்து, சலாகையின் அளவு என்ன?
6. உக்கிய மரம் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டால் மீற்றருக்கு என்ன விலை?
7. ஸ்கஃபோல்டிங் யாருடைய பொறுப்பு? காப்புறுதிப் பத்திரம் உண்டா?
8. மூடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தருவீர்களா?

எட்டாவதை மறக்க வேண்டாம். படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் ஒரு கோப்பில் வையுங்கள். தேய்மானத்தால் வந்த ஒழுக்குக்குக் காப்புறுதி பொதுவாகக் காசு தராது. புயலால் வந்தது என்று காட்ட அந்தக் கோப்புத்தான் உதவும்.

இரண்டு எச்சரிக்கை. ஈயத்தைத் தொட்டால் சாப்பிடுமுன் கையை நன்றாகக் கழுவுங்கள், வெட்டிய துண்டுகளைப் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள். காசு மிச்சம் பிடிக்கவென்று நீங்களே ஏணி வைத்துக் கூரையில் ஏறாதீர்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் நன்றாகக் கதைப்பார்கள். விலைக்கூறு வந்தால் மேற்சொன்ன எட்டுக் கேள்விகளையும் அவர்களைக் கொண்டு கேட்பியுங்கள். நேர்மையான வேலையாளுக்கு இவை தெரிந்த விடயங்கள், சந்தோசமாகவே பதில் சொல்வார். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வீட்டுக் கூரையை ஒப்படைக்காதீர்கள்.