முதலில் காட்டு... அப்புறம் தீட்டு!

செந்துறைப் பக்கம் ஓடையோரமாக ஒருவர் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தால், யாரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. "என்ன ஸார், டைனோசர் முட்டையா?" என்றுதான் கேட்பார்கள்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் ஆய்வாளர்கள், செந்துறை அருகே டைனோசர் முட்டைகள் கொத்துக் கொத்தாகக் கிடைப்பதாக அறிவித்தார்கள். அதிலிருந்து ஊருக்கே ஒரு தனி மிடுக்கு! 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்தைத் தூர் வாரியபோதும் பெரிய பெரிய உருண்டைகள் கிடைத்தன. 'முட்டை, முட்டை' என்று ஊரே திரண்டது. ஆய்வாளர்கள் வந்து பார்த்துவிட்டு, "முட்டை இல்லீங்க, இது அம்மோனைட். பழைய காலத்துக் கடல்பிராணி. அதைச் சுற்றி மண் திரண்டு கெட்டியாகியிருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் ஆம்லெட்டுக்கு ஆகாது!

கடலே இல்லாத ஊரில் கடல்பிராணி எப்படி? டைனோசர் காலத்தில் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்றைக்கு அரியலூர் சிமெண்ட் ஆலைகள் அரைத்துக்கொண்டிருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 'எனக்குப் பொழுது போகவில்லை' என்று யாராவது சொன்னால் அது கல்லுக்கே அடுக்காது. கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது ஓர் அருமையான பொழுதுபோக்கு. பெரிய முதலீடு வேண்டாம். பொறுமைதான் வேண்டும், அது எந்தக் கடையிலும் கிடைக்காது.

நம் பாட்டன் தொழில்

இதென்ன வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ஈரோடு மாவட்டம் நொய்யல் கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இந்த ஊர்தான் என்பார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் அங்கே அகழாய்வு செய்தது. பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, கார்னீலியன் என்று மணிகள் வந்தன. முடித்த மணி மட்டுமா? பாதி தேய்த்தது, துளை போடும்போது உடைந்தது எல்லாமே கிடைத்தன. அதாவது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பட்டறை!

உலகம் பூராவும் உப்புத்தாளிலும் சாணைக்கல்லிலும் சேர்க்கிற கடினமான கல்லுக்கு இங்கிலீஷில் 'கொரண்டம்' என்று பெயர். அது நம் 'குருந்தம்' கப்பல் ஏறிப் போய் மாறிய சொல்.

பழைய திருச்சி மாவட்டத்துக் கருடமங்கலத்தில், சங்கும் சிப்பியும் நெருக்கியடித்து உறைந்த சுண்ணாம்புக்கல் கிடைத்தது. அதை அறுத்து, தேய்த்து, மேஜைப் பலகையாகவும் பேப்பர் வெயிட்டாகவும் செய்தார்கள். வெள்ளைக்காரர்கள் அதற்கு 'திருச்சினாப்பள்ளி மார்பிள்' என்றே பெயர் வைத்தார்கள்.

திருச்சி, புதுக்கோட்டை, பெரம்பலூர் கிராமங்களில் செயற்கை வைரத்துக்குப் பட்டை போட்டு வயிறு வளர்த்த குடும்பங்கள் எத்தனையோ. சீன மெஷின் கல் வந்து அந்தத் தொழிலை நசுக்கிவிட்டது. உங்கள் தெருவிலேயே அப்படி ஒரு பெரியவர் இருக்கலாம். "ஐயா, கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்று போய் நில்லுங்கள். ஒரு குச்சி நுனியில் அரக்கை உருக்கிக் கல்லை ஒட்டுவது எப்படி என்பதை, பத்து புத்தகம் சொல்லாததை அவர் கை பத்து நிமிஷத்தில் சொல்லும்.

எந்தக் கல்?

ஆரம்பத்திலேயே வைரத்துக்குப் பட்டை போடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். பட்டை இல்லாமல் அடி தட்டையாக, மேலே முட்டை மாதிரி வழவழப்பாக இருக்கிற 'கபோஷான்' வெட்டுதான் பாலபாடம்.

கல்லை நகத்தால் கீறுங்கள், அப்புறம் ஆணியால். நகத்துக்கு மசியாமல், ஆணிக்கு மட்டும் கோடு விழுந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் ஜாதி. 1812-ல் மோஸ் என்ற ஜெர்மானியர் போட்ட கடினக் கணக்கில் அதற்கு 3 மார்க். ஆணி வழுக்கி, கல்லே கண்ணாடியைக் கீறினால் பளிங்கு, சர்ட், அகேட் வகை. அதற்கு 7 மார்க். குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10. பொடி கல்லைவிடக் கடினமாக இருந்தால்தான் கல் தேயும், விஷயம் அவ்வளவுதான்.

கையால் தேய்க்க முதல் கல்லாக 3 மார்க் ஆசாமியையே எடுங்கள். மார்பிள் கடையில் தூக்கிப்போடும் துண்டு போதும். இரண்டு மூன்று சாயங்காலத்தில் பலன் தெரியும். 7 மார்க் கல்லைக் கையால் தேய்த்தால், தாடி வளர்கிற அளவுக்குக் கல் தேயாது! அதற்கு சாணை மெஷின் அல்லது உருளும் டப்பா வேண்டும்.

கல்லைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். நனைந்தபோது தெரிகிற நிறம்தான் பளபளப்பு ஏறிய பிறகு வரப்போகிற நிறம். பிறகு காயவிடுங்கள். எல்லா இடமும் காய்ந்தபின் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது விரிசல். அந்தக் கல்லைத் தொட வேண்டாம்.

கீறலைச் சின்னதாக்கு

பளபளப்பு என்பது வெளியிலிருந்து பூசுவதில்லை. பெரிய கீறலை நடுத்தரமாக்கி, நடுத்தரத்தைச் சின்னதாக்கி, கடைசியில் கண்ணுக்கே தெரியாத கீறலாக்குவது. மொசைக் தரைக்கு மெஷின் ஓட்டுகிறவர் கல்லை மாற்றி மாற்றிப் போடுகிறாரே, அதே கதைதான்.

பெயிண்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' கேளுங்கள். 120, 220, 400, 600, 1000, 2000 என்று ஒவ்வொன்று வாங்குங்கள். நம்பர் ஏற ஏறப் பொடி நைஸாகும். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தாளை வைத்து, தண்ணீர் விட்டு, 120-ல் உருவத்தைக் கொண்டு வாருங்கள். அடுத்த தாளுக்குப் போகும்போது தேய்க்கிற திசையை மாற்றுங்கள். முதலில் தெற்கு வடக்கு என்றால், இப்போது கிழக்கு மேற்கு. பழைய திசைக் கீறல் ஒன்றுகூட இல்லாமல் போனால்தான் அந்தத் தாளின் வேலை முடிந்தது.

"220-லிருந்து நேரே 1000-க்குத் தாவினால் என்ன?" என்று கை அரிக்கும். தாவினால் பளபளப்பு வரும். பளபளப்புக்கு அடியில் பெரிய கீறலும் சேர்ந்தே மின்னும். திரும்ப 220-க்கே வரவேண்டும். டபுள் புரமோஷன் இங்கே கிடையாது!

ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் கல்லையும் கையையும் நகக்கண்ணையும் கழுவுங்கள். பழைய தாளின் ஒரே ஒரு மணல் ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், புதுக் கோடு விழுந்துவிடும். கடைசியில் ஈரத் தோல் துண்டில் மெருகுப் பொடி. மார்பிளுக்கு அலுமினா, பளிங்குக்கு சீரியம் ஆக்சைடு. அடுத்த வேளை முகம் தெரியும்.

உருளும் டப்பா என்றால் நான்கு கட்டம், கட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம். கழுவிய சேற்றை மட்டும் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். அரியலூர்க்காரர்களுக்கு சிமெண்டைப் பற்றி நாம் சொல்ல வேண்டுமா?

தண்ணீர் இல்லாமல் தொடாதே!

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குஜராத்தின் காம்பத் ஊர் அகேட் கல்லுக்கு நூற்றாண்டுகளாகப் பெயர் பெற்றது. அங்கே உலர்வாக மெஷினில் தேய்த்த தொழிலாளர்கள் பலரை சிலிகோசிஸ் நோய் பிடித்தது. பளிங்குத் தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. வீட்டிலேயே தொழில் நடந்ததால், அதே தூசைப் பெண்டாட்டி பிள்ளைகளும் சுவாசித்தார்கள்.

ஆகவே, கல் எப்போதும் நனைந்தே இருக்கட்டும். மெஷின் என்றால் சொட்டுத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 மாஸ்க் போடுங்கள். கண்ணாடியும் போடுங்கள். தரையைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். தண்ணீரும் கரண்ட்டும் சேர்கிற இடம் என்பதால், ஷாக் அடித்தால் தானே அணைகிற சுவிட்சை எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதைத் தீட்டக்கூடாது?

வீட்டில் இந்தக் கேள்வி சண்டையில் முடிவதுண்டு. "ஏங்க, அம்மிக்குழவியைக் காணோம்!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குச் சொன்ன மரம். இன்றைக்கு தேசியப் புவியியல் சின்னம். கல்மரம் தீட்டினால் அருமையாகப் பளபளக்கும் என்பது உண்மை. அதற்காக அங்கே ஒரு சில்லைக்கூடத் தொடக்கூடாது.

உங்கள் வயலிலோ ஓடையிலோ சுருள் சுருளாக ஒரு அம்மோனைட், பல் மாதிரி ஒன்று, எலும்பு மாதிரி ஒன்று கிடைத்தால் தாளை எடுக்காதீர்கள். அதன் மேல்தோலில் உள்ள வரியையும் முடிச்சையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் அது எந்த உயிர், எந்தக் காலம் என்று சொல்கிறார்கள். 120 நம்பர் தாளில் அரை மணி நேரம் தேய்த்தால் பல கோடி வருஷத்துக் கதை சேறாகிப் போய்விடும். எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று எழுதி, போட்டோ எடுத்து, வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்திலோ கல்லூரி நிலவியல் துறையிலோ காட்டுங்கள்.

"இது சாதாரணக் கல்தாம்பா" என்று அவர்கள் சொல்லிவிட்டால் ரொம்ப சந்தோஷம். வாளியில் தண்ணீர் பிடித்து வையுங்கள். 120-ல் ஆரம்பியுங்கள்!