பயிர்ப்பகையும் அதன் பகையும்

கண்ணாடித் தொட்டியிலே கடல்நீரை நிரப்பிப் பவளங்களையும் சிறு மீன்களையும் வளர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். விரும்பி வாங்கிய கல்லோடு விரும்பாத உயிர்கள் சிலவும் வந்து குடிபுகுதல் அவர்கள் அனைவரும் கண்ட துன்பம். அவற்றுள் ஐப்தேசியா என்னும் சிறு கடற்சாமந்தி மிகப் பொல்லாதது. அதனைக் கிள்ளி எறியப் புகுவோன், கல்லில் எஞ்சிய துணுக்குகள் தனித்தனி உயிராய் வளர்வது கண்டு திகைக்கின்றான். பிடுங்குதல், நஞ்சிடுதல், அதனை உண்ணும் உயிரொன்றைக் கொணர்ந்து விடுதல் ஆகியனவே அவனுக்குள்ள வழிகள். ஒரே பயிரை மைல்கணக்காக மலைச்சரிவில் நட்டவன் நிலையும் ஏறக்குறைய இதுவே. இவ்வுண்மையை அறியக் கடலோரஞ் செல்ல வேண்டுவதில்லை. பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறினாற் போதும்.

இன்று தேயிலை நிற்கும் அம்மலைகளில் அன்று கோப்பி நின்றது. 1869 ஆம் ஆண்டு மே மாதத்தில், மடுல்சீமையிலுள்ள கல்லூலாத் தோட்டத்தில் சில கோப்பிச் செடிகளின் இலையடியிலே செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருத்தல் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவெயிற்சு அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்கிலி என்னும் பங்கசு நூற்புலவர் அதனை ஆராய்ந்து, அறிவியல் முன்னறியாத புதிய இனம் எனத் தெளிந்து, ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். வித்தியின் ஒருபுறம் வழுவழுப்பாயும் மறுபுறம் முட்கரடாயும் இருத்தலின் முற்பெயர். பிற்பெயருக்கு ‘பாழாக்குவது’ என்பது பொருள். பெயரிட்டபோது அது எத்துணைப் பொருந்தும் என்பதை அவர் அறிந்திருக்க இயலாது.

இந்நோயைத் துரைமார் முதலிற் பெரிதாக எண்ணினாரல்லர். எருவிட்டாற் செடி தேறும் என்றனர். அக்காலத்துக் கோப்பி விலை உயர்ந்து நின்றமையின், விளைவு குன்றியும் வருவாய் குன்றவில்லை. ஆகவே நோய் பரவிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் புதுக்காடுகள் வெட்டப்பட்டு மேலும் கோப்பி நடப்பட்டது. விலையேற்றம் நோயை மறைத்த திரையாயிற்று என்பேன். நோய் கண்டு பதினோராண்டு கழிந்தபின், 1880 இலேயே, மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி ஆராய்ச்சிக்காக வரவழைக்கப்பட்டார். அவருக்கு அப்போது வயது இருபத்தாறு.

வார்ட் கண்டவை இன்றும் பாடநூல்களில் நிற்பன. காற்றில் வரும் வித்தி இலையடியில் விழுகிறது. அங்கு நீர்ப்படலம் இருந்தாலன்றி அது முளைப்பதில்லை. முளைத்த இழை இலைவாய் வழியே உட்புகுந்து இழையங்களின் சாற்றை உண்கிறது. உட்புகுந்த பின் வெளியிலே தூவும் மருந்தால் யாதும் ஆவதில்லை. எனவே காப்பு மருந்து முன்கூட்டியே இலையில் இருத்தல் வேண்டும். அத்தகைய மருந்தாகிய போர்தோக் கலவை, துருசும் சுண்ணாம்பும் கூட்டிச் செய்வது, பிரான்சிலே மில்லார்தே என்பவரால் 1885 இல் வெளியிடப்பட்டது. இலங்கைக் கோப்பிக்கு அது காலங்கடந்த உதவி. அதற்குள் தோட்டங்கள் பல கைவிடப்பட்டுவிட்டன.

இவ்வீழ்ச்சியைத் துரைமாரின் நட்டக் கணக்காக மட்டும் எழுதுவோர் உளர். அது குறைபட்ட வரலாறு. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் தமிழகத்திலிருந்து நடந்து வந்தோர் பலர் அது முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. அதற்கு ஆண்களும் பெண்களும் ஆண்டு முழுவதும் வேண்டப்பட்டனர்; லயங்களிற் குடும்பங்கள் நிலைத்தன. ஊவா மலைகளில் இன்று தமிழ் வழங்குவதன் காரணங்களுள் ஒன்று, கண்ணுக்குப் புலனாகாத ஒரு பங்கசின் வித்தி.

தேயிலைக்கும் பகைவர் வந்தனர். அவருள் இருவரை மட்டும் இங்கே கூறுவேன். ஒன்று, தோட்ரிக்ஸ் எனப்படும் இலைசுருட்டிப்புழு. அதன் அந்து முதிர்ந்த இலையின் மேல் ஓடு வேய்ந்தாற்போல் முட்டைகளை அடுக்கியிடும். குடம்பி இலைகளை நூலாற் பிணைத்து உள்ளே ஒளிந்து தின்னும். முட்டைத்திரள்களைக் கையாற் பொறுக்குவித்தும் தொல்லை தீரவில்லை. 1925 இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1935, 1936 ஆம் ஆண்டுகளில் யாவாத் தீவிலிருந்து மக்ரோசென்ற்றசு ஹோமோனே என்னும் சிறு குளவியை வருவித்து விடுத்தது. குளவி இளங்குடம்பியின் உடலிலே முட்டையிடும், ஒரு முட்டை பலவாகப் பிரிந்து பல குளவிகளைத் தரும், குடம்பி மடியும். சில ஆண்டுகளில் இப்புழு பெரும்பாலும் அடங்கிற்று. அழிந்ததன்று, அடங்கியதே. புழு முற்றும் ஒழியின் குளவிக்கும் வாழ்வில்லை. கடற்றொட்டியில் ஐப்தேசியாவை மட்டுமே உண்ணும் பேர்கியா என்னும் ஓடில்லா நத்தையை விடுவோர், இரை தீர்ந்ததும் நத்தை பட்டினியால் இறத்தலைக் காண்கின்றனர். சிறிது பகையை விட்டுவைத்தலே இம்முறையின் விலை.

மற்றைய பகை, தண்டு துளைக்கும் சிறுவண்டு. நீளம் இரண்டரை மில்லிமீற்றரளவே. அது மரத்தைத் தின்பதில்லை. துளைத்த சுரங்கத்திலே ஒரு பங்கசைப் பயிரிட்டு அதனையே தானும் உண்டு குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. தோட்டத்துக்குள் மற்றொரு தோட்டக்காரன்! துளைபட்ட கிளை, கொழுந்து பறிப்போர் உரசிச் செல்லும்போதே முறிந்துவிடும். 1950களில் இவ்வண்டுக்கெதிராக டீல்திரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. பல நாள் இலையில் நின்று கொல்லும் ஆற்றலே அதன் சிறப்பு எனப் புகழப்பட்டது; கேடும் அதிலேயே இருந்தது. இலைமேல் நடந்து திரியும் குளவி மடிந்தது. சுருட்டிய இலைக்குள் இருந்த புழு தப்பியது. ஏறத்தாழ இருபதாண்டு அடங்கிக் கிடந்த இலைசுருட்டி மீண்டும் பெருகிற்று.

மீன்களின் உடற்புள்ளி நோய்க்கெனப் பவளத் தொட்டியிற் செம்பு மருந்தை இடுவோனும் இதே பிழையைச் செய்கிறான். நோய்க்கிருமி மாய்வதோடு இறாலும் பவளமும் மாய்கின்றன. அறிந்தோர் மீனை வேறு தொட்டிக்கு மாற்றியே மருந்திடுவர். மலைக்கு அவ்வாறு வேறு தொட்டி இல்லை.

முன்னர் ஒரு பொருட்டாகவே எண்ணப்படாத குச்சிப்புழுவும் அக்காலத்தில் பெருகித் தேயிலையை மொட்டையாக்கிற்று. அதன் காரணத்தைத் தந்தநாராயணவும் கதிரவேற்பிள்ளையும் ஆராய்ந்து, டீல்திரினே அதன் இயற்கைப் பகைவரை ஒழித்தது என 1969 இல் எழுதினர். தெளித்தமையாற் பிறந்த பகைக்கு மீண்டுந் தெளித்தல் என்னும் சுழலிலிருந்து தோட்டங்கள் மெல்ல விலக இத்தகைய ஆய்வுகள் துணையாயின. டீல்திரின் 2001 ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையிலே உலகெங்கும் நீக்கப்பட வேண்டிய நஞ்சுகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சிறுவண்டு இன்னும் தேயிலையில் இருக்கிறது. அதனைக் குறைக்கக் கவ்வாத்துக் காலத்தை ஒழுங்குபடுத்தியும், தாங்கும் இனங்களைத் தெரிந்து நட்டும் வருகின்றனர். மடுல்சீமையில் முதன்முதற் பெயர்பெற்ற கோப்பிப் பங்கசோ 1970 இற் பிரேசிலை அடைந்து, 2012 இல் மத்திய அமெரிக்கத் தோட்டங்களைப் பெரிதும் வாட்டிற்று.