பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு என்ன வழி சொல்வது?

தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் நம் பட்டுக் கடைகளில் புடவைப் பேச்சோடு இன்னொரு பேச்சும் நடக்கும். நெய்த புடவையைக் கொடுத்துக் கூலி வாங்கிய நெசவாளி, பணத்தை எண்ணி மடியில் முடிந்துகொண்டு தயங்கி நிற்பார். "முதலாளி, பையன் பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டான். நாலு பேரைப் பார்க்கிறவங்க நீங்க. எதில் சேர்க்கலாம், சொல்லுங்க" என்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளையார்பாளையத்து நெசவாளி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். "தறியிலேயே உட்கார வையுங்க. கைத்தொழில் கைவிடாது" என்றேன். "உங்க பையன் என்ன படிக்கிறாரு முதலாளி?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். என் மகன் சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் வரவில்லை.

வணிக அன்பர்களே, நான் சொன்ன யோசனையில் என் லாபமும் கலந்திருந்தது. கோர்வைப் புடவை நெய்யக் கூட ஓர் ஆள் வேண்டும். இளைஞர்கள் தறியை விட்டுப் போனால் நாளை நமக்குச் சரக்கு ஏது? கவலை நியாயமானதுதான். அதற்காக அடுத்தவர் பிள்ளைக்கு ஒரு வழி, நம் பிள்ளைக்கு ஒரு வழி என்று சொல்வது நியாயமாகாது. அன்றிலிருந்து கேட்பவர்களுக்கு விவரத்தை மட்டும் சொல்கிறேன். முடிவு அவர்களுடையது.

நெசவில் நாட்டமுள்ள பிள்ளைக்குச் சேலத்தில் 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே மூன்றாண்டு டிப்ளமோ உண்டு. படம் வரையும் கை இருந்தால், சென்னையில் 1995-ல் தொடங்கிய தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதிப் பார்க்கலாம். கணக்கில் கெட்டியான பிள்ளை பி.காம். படிக்கலாம், சி.ஏ. முதல்நிலைத் தேர்வும் எழுதலாம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு கணக்கு தெரிந்த ஆளின் அருமை நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலை வேலையை எவரும் குறைத்துப் பேச வேண்டாம். 1998-ல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல் எத்தனையோ குடும்பங்கள் அந்த வட்டாரத்தில் பிழைக்கின்றன. ஆனால் 2006-ல் வந்த நோக்கியா ஆலை 2014-ல் மூடப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையில் ஒரு படிப்போ தொழிலோ இருந்தால், ஆலை மூடினாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்க மாட்டான்.

வீட்டு நிலைமையால் ஓரிரு ஆண்டு தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது. நம் ஊரில் நெசவாளர் குடும்பத்தில் 1909-ல் பிறந்த அண்ணா, குடும்ப வருமானத்துக்காகப் பள்ளிப் படிப்பை விட்டு நகராட்சியில் எழுத்தராக இருந்தவர். பிறகுதான் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்து 1934-ல் பட்டம் பெற்றார்.

அந்த நெசவாளியின் மகன் பி.காம். சேர்ந்தான். மாலையில் எங்கள் கடைக்கு வந்து கணக்கு எழுதினான். ஒருநாள் பேரேட்டைப் புரட்டியவன், "ஐயா, அப்பாவோட கூலி மூணு வருஷமா ஒரே மாதிரி இருக்கே?" என்றான். அந்த மாதமே கூலியை உயர்த்தினேன்.

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருபது ஆண்டாகிறது. அந்தப் பெயரைக் காப்பது நெய்கிற கை. நன்றாகப் படித்த பிள்ளையும் தானாக விரும்பித் தறிக்கு வர வேண்டுமானால், அதற்குத் தக்க கூலியை நாம் கொடுத்தாக வேண்டும். அடுத்த மே மாதம் உங்கள் கடையில் ஒருவர் தயங்கி நின்றால், உட்காரச் சொல்லி விவரம் சொல்லுங்கள். அவர் கூலிக் கணக்கையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.