ஆறு எல்லோருக்கும் ஒன்றல்ல

அலாஸ்காவில், 61 டிகிரி வட அட்சத்தில், கிர்ட்வுட் ஊருக்கு மேலே உள்ள மலையடிவாரத்திலிருந்து ஜூலை மாதக் காலையொன்றில் ஆண்டுதோறும் ஓர் ஓட்டம் கிளம்புகிறது. பெயர் க்ரோ பாஸ் கிராஸிங். தொலைவு சுமார் 36 கிலோமீட்டர், மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைவிடக் குறைவுதான். ஆனால் சாலை மாரத்தானை மூன்று மணி நேரத்தில் முடிப்பவருக்கும் இந்தப் பாதையில் அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஒருகாலத்தில் தங்கம் தேடிப் போனவர்களும் நாய்ச்சறுக்கு வண்டிகளும் சென்ற இடிடரோட் வழித்தடத்தின் ஒரு துண்டு இது. கணவாய்க்கு ஏறிவிட்டால், மறுமுனையில் ஈகிள் ரிவர் பள்ளத்தாக்கை அடையும்வரை குறுக்கே ஒரு சாலைகூடக் கிடையாது.

முதல் ஐந்தாறு கிலோமீட்டரிலேயே சுமார் 600 மீட்டர் ஏற்றம். உச்சியில் ரேவன் பனியாறு கண்ணெதிரே தெரியும். அதன்பிறகு இறக்கம். தொடைகளை வதைப்பது இந்த இறக்கம்தான். கீழ்நோக்கி ஓடும்போது தொடைத்தசை இழுபட்டு நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படி உழைக்கும் தசையில் நுண்ணிய சேதங்கள் உண்டாகின்றன. வலி அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்துக்குப் போகும். ஒருமுறை இப்படி அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்குக் குறைவாகவே பாதிக்கப்படும். பந்தயத்துக்கு முன்பே செங்குத்தான இறக்கங்களில் ஓடிப் பழகியவர்களுக்கு இது பெரிய பலம்.

பாதி வழியில் குறுக்கே வருகிறது ஈகிள் ஆறு. பாலம் இல்லை; இறங்கித்தான் கடக்க வேண்டும். பனியாறு உருகி வரும் நீர் இது. பனிக்கட்டி பாறையை அரைத்த மாவு கலந்திருப்பதால் சாம்பல் நிறத்தில் கலங்கியிருக்கும், அடியில் கிடக்கும் கல் கண்ணுக்குத் தெரியாது. ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் அனுபவசாலிகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாகக் கடக்கிறார்கள்.

நீரின் குளிர் இன்னும் நுட்பமான சிக்கல். நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குளிர்ந்த நரம்பில் சமிக்ஞை மெதுவாகச் செல்கிறது, குளிர்ந்த தசையின் வலு குறைகிறது. கரையேறியவருக்குச் சிறிது நேரம் பாதம் எங்கே படுகிறது என்றே தெரியாது. அந்தக் காலோடுதான் ஈரக் கற்கள்மேல் மறுபடி ஓட வேண்டும்.

ஆனாலும் ஓடுகிறவரின் உடல் ஓர் அடுப்பு. எரிக்கும் ஆற்றலில் கால் பங்குதான் இயக்கமாகிறது. மிச்சம் முழுவதும் வெப்பம். வேகமாக ஓடும்வரை அரைக்கைச் சட்டையே போதும் என்று தோன்றும். களைத்து நடக்கத் தொடங்கியதும் அடுப்பு தணிகிறது. நனைந்த துணியும் காற்றும் வெப்பத்தை உறிஞ்சுவதோ தணிவதில்லை.

1964இல் இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் நடந்த ஒரு நெடுநடைப் போட்டியில் இளைஞர்கள் மூவர் குளிரில் இறந்தார்கள். அன்று மழையும் காற்றும் கடுமையாக இருந்தன. 1953 எவரெஸ்ட் பயணத்தில் இடம்பெற்ற உடலியலாளர் கிரிஃபித் பியூ இதை ஆராய்ந்தார். நனைந்த உடையோடு காற்றில் கடுமையாக உழைப்பவரின் உடல் தாக்குப்பிடிப்பதையும், உழைப்பு தளர்ந்தால் உடல் வெப்பம் சரிவதையும் சோதனையில் காட்டினார். அலாஸ்கா என்றதும் நாம் உறைபனியைத்தான் நினைக்கிறோம். கோடைக்கால மலைப்பாதையில் நான் அதிகம் அஞ்சுவது ஈரத்தையும் களைப்பையும்தான், அவை ஒன்றாகச் சேரும் வேளையை.

ஆற்றுக்கு அப்பால் பாதையை மூடி நிற்கிறது ஆள் உயரத்துக்கும் மேல் வளரும் கௌ பார்ஸ்னிப் செடி. அலாஸ்காவில் புஷ்கி என்பார்கள். கொத்தமல்லி, சீரகக் குடும்பத்துச் செடிதான். ஆனால் அதன் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் எழும். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் பகல் நீளும் ஊரில் வெயிலைத் தவிர்ப்பது எளிதல்ல. புதருக்குள் கரடியும் மூஸ் மானும் உண்டு. திடீரென எதிர்ப்பட்டுத் திடுக்கிட வைக்கக் கூடாது என்று குரல் எழுப்பிக்கொண்டே ஓடுகிறார்கள். இது வெற்றுப் பயமல்ல: 2017 ஜூனில் அங்கரேஜ் அருகே பேர்ட் ரிட்ஜ் மலை ஓட்டத்தில் பங்கேற்ற 16 வயதுச் சிறுவன் கருங்கரடி தாக்கி உயிரிழந்தான்.

இந்தப் பாதையில் கடைசியாக வருகிறவர்தான் அதிக ஆபத்தை ஏற்கிறார். பனியாற்று நீர் இரவின் குளிரில் வற்றி, வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சம் தொடும். முதலில் வருபவர் தாழ்ந்த ஆற்றைச் சூடான உடலோடு கடந்துவிடுகிறார். பின்தங்கியவருக்கு ஆறு உயர்ந்திருக்கும், உடலில் வெப்பம் குறைந்திருக்கும், கரையேறிய பின் ஓடிச் சூடேற்றிக்கொள்ளத் தெம்பும் இராது. இத்தகைய ஓட்டங்களில் பாதி வழியில் நேர எல்லை வைத்துத் திருப்பி அனுப்புவதைச் சிலர் கொடுமை என்கிறார்கள். ஆற்றின் கணக்கு தெரிந்தவர்கள் வைத்த எல்லை அது.